கல்லூரி வாயில்வரை உடன் செல்வோரின் கடமை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் தொரப்பள்ளியில் நடைபெற்ற கல்வித் தொண்டர் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. வாழ்த்துக்குரிய பணிகளை இச்சங்கம் ஆற்றியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாழ்த்தொலி அடங்கிய பிறகு மனத்தில் நிற்க வேண்டியது பணியைப் பற்றிய சிந்தனையே ஆகும். ஆகவே, நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்வதற்குத் துணைநிற்கும் தொண்டர்களுக்கும், அத்தொண்டர்களை வழிநடத்தும் பொறுப்பாளர்களுக்கும் சில செய்திகளைக் கூற விழைகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பிள்ளைகளுக்கு விடைகொடுத்து அனுப்பும் பள்ளியொன்றின் தலைமையாசிரியன். விடைபெற்றுச் சென்ற பிள்ளைகள் இரண்டாண்டுகள் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனித்து வருகிறவன். அந்தக் கவனிப்பிலிருந்தே பேசுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இத்தொரப்பள்ளி நாடறிந்த ஊர். 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இவ்வூரில் பிறந்த இராசகோபாலாச்சாரியார் அவர்கள், 1948 முதல் 1950 வரை இந்திய நாட்டின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார். அவருடைய தந்தையார் இவ்வூர் முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரி, அதன்பின் சட்டப் படிப்பு என்று ஒரு பாதை அச்சிறுவனுக்கு முன்னே விரிந்து கிடந்தது. அக்காலத்தில் இவ்வட்டாரச் சேரிகளிலும் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுக்கு அறிவு குறைவென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களுக்குப் பள்ளிக் கதவு மூடியிருந்தது. கதவு திறந்திருந்தாலும், அடுத்த படி எது என்று சொல்ல வல்லவர் அவர்கள் வீட்டில் இல்லை. நிலமும் பொன்னும் மட்டுமே பரம்பரைச் சொத்து என்று நாம் நினைக்கிறோம். வழி அறிந்திருப்பதும் ஒரு பரம்பரைச் சொத்தே. அச்சொத்து இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதை ஈடுசெய்ய வருகிறவரே கல்வித் தொண்டர்.

இதே பெரியவர் முதலமைச்சராக இருந்தபோது, 1953இல், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றதொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். தகப்பன் தொழிலே பிள்ளைக்கும் என்றால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வி தமிழகமெங்கும் எழுந்தது. எதிர்ப்பு வலுத்தது. 1954இல் அவர் பதவி விலக, காமராசர் அவர்கள் முதலமைச்சரானார்; அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரியோர் ஒருவரைக் குறைகூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 'பள்ளியா, உடனடிப் பிழைப்பா?' என்ற கேள்வி நம் பகுதிக்குப் புதிதன்று என்பதற்காகவே சொல்கிறேன். அது வேறு உருவில் இன்றும் நம் தெருவுக்கு வருகிறது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் பெருகின. அண்மை ஆண்டுகளில் மின்னணு ஆலைகளும் மின்வண்டி ஆலைகளும் மாவட்டத்துக்கு வந்துள்ளன. இவற்றால் நம் மக்களுக்கு நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். கல்லுடைத்தும், ரோஜாத் தோட்டத்தில் முள் குத்தப் பூப்பறித்தும் வாழ்ந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்திருக்கிறது. ஆனால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் ஆலைப் பேருந்து ஊர் எல்லைக்கு வந்து நிற்கிறது. கல்லூரிப் பேருந்து அவ்வாறு தானே வந்து நிற்பதில்லை. அதற்கு விண்ணப்பம் வேண்டும், சான்றிதழ் வேண்டும், கலந்தாய்வு வேண்டும், காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் நம் பிள்ளைகள் பலர் கைநழுவிப் போகின்றனர். தேர்வில் தோற்றவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. தேறியவர்களையும் அவ்வாறு இழக்கின்றோம்.

தொண்டர்களின் பணி எங்கே தேவைப்படுகிறது என்பது இப்போது விளங்கும். மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் நாளுக்கும், கல்லூரி வகுப்பறையில் அமரும் நாளுக்கும் இடையில் கிடக்கும் அந்தக் குறுகிய நிலத்தில்தான் அவர்கள் நிற்க வேண்டும்.

இப்பணிக்கு ஒரு முன்னோடியை நினைவுகூர்வது நம் கடமை. 1907இல் பீமராவ் என்னும் மாணவர் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறினார். அவரை முன்னரே பூங்காவில் படித்துக்கொண்டிருக்கக் கண்டு அன்பு பாராட்டியவர், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் பள்ளி ஆசிரியர். மாணவரைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவர் பரிசாக அளித்தார். அத்தோடு நின்றுவிடவில்லை. இடைநிலை வகுப்புக்குப் பிறகு மேற்கொண்டு படிக்க வைக்கத் தந்தையாரிடம் பொருள் இல்லாதபோது, அம்மாணவரைப் பரோடா மன்னரிடம் தாமே அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நிறைவேறியது. அதன்பின் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம். மீதி வரலாற்றை நீங்கள் அறிவீர்கள்.

அண்ணல் அம்பேத்கரின் அறிவை உண்டாக்கியவர் கேலுஸ்கர் அல்லர். அவர் அவ்வாறு உரிமை கொண்டாடியதும் இல்லை. வழி தெரிந்தவர் ஒருவர் வழி தேடும் பிள்ளையோடு உடன் நடந்தார், அவ்வளவே. நம் சமூகத்தைச் சேராத ஓர் ஆசிரியர் அவ்வளவு செய்தார் என்றால், நம்மில் படித்தவர்கள் எவ்வளவு செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, இதைவிடப் பெரிய செய்தி ஒன்றைக் கூறுகிறேன். மன்னரின் அருளால் படித்த அம்மாணவர், மற்ற பிள்ளைகளும் மன்னர்களைத் தேடிச் செல்லட்டும் என்று விட்டுவிடவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. 1942இல் வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினரானபின், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசே உதவித்தொகை வழங்க வேண்டுமென்று வற்புறுத்தினார். 1944இல் அவ்வுதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் பெறும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை அதன் தொடர்ச்சியே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலை பார்த்துக்கொண்டே படிப்போருக்கு உதவியாக அங்குக் காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. தொழிற்பேட்டையின் ஓரத்தில் வாழும் நாம் இதைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மன்னர் வழங்கியது அருள். அண்ணல் நமக்குப் பெற்றுத் தந்தது உரிமை. அருளைப் பெறச் சிபாரிசு வேண்டும். உரிமையைப் பெறுவதற்கு விவரம் அறிந்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறவாத தொண்டரே நல்ல தொண்டர்.

நம் தமிழகத்திலும் இத்தகைய பெரியோர் இருந்தனர். ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், சிதம்பரத்துக்கு வந்து, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனார் பெயரால் பள்ளி நடத்தினார், விடுதி நடத்தினார், சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகப் பேசினார். 1959இல் மறையும் வரை அப்பணியை விடவில்லை. அதே சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரி தோன்றியது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஊரில் பல்கலைக்கழகம் இருப்பதனாலேயே சேரிப் பிள்ளை அதன் உள்ளே போய்விட முடியாது. வாயில்வரை கொண்டுசெல்லப் பள்ளியும் விடுதியும் வேண்டும். அவற்றைத் தாங்கும் ஆளும் வேண்டும். இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் சகஜானந்தர் செய்த பணி முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இக்காலத்துத் தொண்டர்களிடமிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம். அகரம் அறக்கட்டளை 2010இல் விதைத் திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நேரில் சென்று நிலைமையை அறிந்து வருவதும், அத்திட்டத்தில் படித்து முன்னேறியவர்களே பிறகு தன்னார்வலர்களாகத் திரும்பி வருவதும் அதன் நடைமுறை. இவ்விரண்டும் பெருஞ்செல்வம் வேண்டும் செயல்கள் அல்ல. நம்மைப் போன்ற சிறு சங்கமும் செய்யக்கூடியவையே.

இனித் தொண்டர்களின் கடமைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, பணியைப் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்காதீர்கள். ஆறாம் வகுப்பில் தொடங்குங்கள். ஏனென்றால், 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் தமிழக அரசு வழங்கிய 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. அவையும் ஆறாம் வகுப்பு முதற்கொண்டே கணக்கெடுக்கின்றன. நம் பகுதிக் குடும்பங்களோ கட்டட வேலைக்காக அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் பெங்களூருக்கும் பெயர்கின்றன. போகும்போது பிள்ளையையும் அழைத்துச் சென்று அங்குள்ள பள்ளியில் சேர்த்துவிடுகின்றனர். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வருகின்றனர். அந்த இரண்டாண்டினால் பிள்ளை எதை இழந்தது என்பது ஐந்தாண்டு கழித்துத்தான் தெரிகிறது. ஆகவே, ஒரு குடும்பம் மூட்டை கட்டும் செய்தி காதில் விழுந்த அன்றே தொண்டர் அவ்வீட்டுக்குச் செல்ல வேண்டும். 'பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டுச் செல்லுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் இதற்காகவே ஏற்பட்டவை. 2025இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினர்.

இரண்டாவது, சான்றிதழ்களைப் பற்றிய அறிவு. இது எல்லைப்புறம். நம் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. பெண் கொடுப்பதும் கொள்வதும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. ஆனால், பட்டியல் இனத்தவர் என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அம்மாநிலத்தைச் சார்ந்தே அத்தகுதி அமையும். பின்னர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று 1990இலும் 1994இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அறியாமல் கலந்தாய்வு நாளன்று கலங்கி நிற்போர் உண்டு. தந்தை வழி எந்த ஊர், பாட்டனார் பெயரில் என்ன ஆவணம் உள்ளது என்பதைத் தொண்டர் முன்னரே கேட்டறிந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழைப் பெற்றுத் தர வேண்டும்.

இதனோடு சேர்ந்த மற்றொன்று. தமிழகத்தில் பட்டியல் இனத்தவர்க்குள்ள 18 விழுக்காட்டில், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. மாநிலங்கள் இவ்வாறு உட்பிரிவு செய்யலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த ஒதுக்கீடு ஏழு சாதிப் பெயர்களுக்கு உரியது. மாதிகா, ஆதி ஆந்திரர் ஆகிய பெயர்களும் அவற்றுள் அடங்கும். வீட்டில் தெலுங்கு பேசும் நம் குடும்பங்கள் சில இதை அறியாமலே இருக்கின்றன. நம்முள் யார் எப்பிரிவினர் என்று பிரித்துப் பார்ப்பதற்காக இதை நான் கூறவில்லை. சான்றிதழில் பெயர் சரியாக இருந்தால்தான் உரியவர்க்கு உரியது போய்ச் சேரும். ஒரு பிரிவின் தொண்டர் மற்றப் பிரிவின் பிள்ளைக்கும் இதனை எடுத்துச் சொல்லும்போதுதான் நாம் ஒரே சங்கத்தார் என்பது மெய்யாகும்.

மூன்றாவது, விண்ணப்பம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியே நடக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழியேதான் விண்ணப்பம். வசதியென்று இதைச் சொல்கின்றனர், பழகியவர்க்கு வசதிதான். நம் பிள்ளை கணினி மையத்துக்குச் செல்கிறது. அங்கிருப்பவர் அவசரத்தில் தம்முடைய கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுகிறார். பிறகு வரும் ஓ.டி.பி.யும், கலந்தாய்வு அழைப்பும் அவருக்குப் போகின்றன. பிள்ளைக்குச் செய்தி எட்டும் முன்னே நாள் கடந்துவிடுகிறது. உதவித்தொகையோ மாணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. அக்கணக்கு ஆதாருடன் இணைந்திராவிட்டால் பணம் வாராது. கேட்பதற்குச் சிறிய செய்திகள்தாம். ஆனால் ஒரு பிள்ளையின் ஓராண்டு இவற்றில் போய்விடுகிறது. ஆகவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வையுங்கள். அதில் எந்தச் சான்று உள்ளது, எது இல்லை, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், எந்த எண் பதிந்தோம் என்பன எழுதப்பட்டிருக்கட்டும். உணர்ச்சிமிக்க பேச்சைவிட இக்கோப்பு பிள்ளைக்குப் பயன்படும்.

நான்காவது, தரகர்களைப் பற்றிய எச்சரிக்கை. தேர்வு முடிவு வரும் காலத்தில் 'கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறோம். கட்டணமே இல்லை' என்று சிலர் ஊருக்குள் வருகின்றனர். நல்ல உடை, இனிய பேச்சு. பிள்ளையின் அசல் சான்றிதழ்களை வாங்கிச் சென்றுவிடுகின்றனர். ஒரு தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி உண்டு. பிறகு பிள்ளை விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்தாலும், சான்றிதழ் கையில் இல்லாமல் தவிக்கிறது. நம் தொண்டர்கள் ஒவ்வொரு தாய்க்கும் இதைச் சொல்லுங்கள்: நகலைக் கொடுங்கள், அசலைக் கொடாதீர்கள். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமேயன்றிக் கல்லூரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கான கட்டணத்தை உரிய வரம்புகளுக்கு உட்பட்டு அரசே ஏற்க 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 வழிசெய்கிறது. 'முதலில் பணம் கட்டு, உதவித்தொகை வந்தபின் பார்ப்போம்' என்று எவரேனும் சொன்னால், அவ்வாணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பணிவோடும் உறுதியோடும் பேசுங்கள். கடன் வாங்கச் சொல்லிப் பெற்றோரை அனுப்பிவிடாதீர்கள்.

ஐந்தாவது கடமை தொண்டர் தலைவர்களுக்கே உரியது. அதைச் சற்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பிள்ளை ஒன்றைக் கல்லூரியில் சேர்த்ததும், 'என்னால் சேர்ந்தான்' என்ற எண்ணம் தலைதூக்கும். பிறகு அப்பிள்ளை நம்மைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், நம் கூட்டத்துக்கு வர வேண்டும், நாம் சொல்பவருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வரும். பண்ணையார்களை எதிர்த்து நின்ற சமூகம் நாம். படிப்பின் பெயரால் புதிய பண்ணையார்களை நமக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளலாமா? அண்ணல் அருளை உரிமையாக மாற்றினார். நாம் அவ்வுரிமையைத் திரும்பவும் அருளாக மாற்றிவிடக் கூடாது. பிள்ளைக்கு இடம் கொடுத்தது சட்டம். உழைத்துப் படித்தது பிள்ளை. பட்டினி கிடந்து அனுப்பியது தாய். நாம் உடன் நடந்தோம். ஆதலின், விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். அலுவலகத்தில் நீங்கள் பேசாதீர்கள். பிள்ளையைப் பேசவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் வாய்திறவுங்கள். நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் அடுத்த ஆண்டு அப்பிள்ளை தன் தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தானே செய்துகொடுக்கும்.

ஆறாவது, ஆலை வேலையைப் பற்றி. 'ஆலைக்குப் போகாதே' என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. கடன் நெருக்கும் வீட்டில் முதல் மாதச் சம்பளம் பெரிய பொருள். அவ்வீட்டாரை இழித்துப் பேசாதீர்கள். அவர்களோடு அமர்ந்து கணக்குப் போடுங்கள். ஒப்பந்தக் கூலியாகச் சேர்கிறவர் பத்தாண்டு கழித்து எந்நிலையில் இருப்பார், பட்டயமோ பட்டமோ பெற்று அதே ஆலைக்குள் நுழைகிறவர் எந்நிலையில் இருப்பார் என்பதை, அங்கு வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரையே அழைத்து வந்து சொல்லச் சொல்லுங்கள். பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் இழிந்த வழிகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலைக்குப் போயே தீர வேண்டிய பிள்ளைக்கு அஞ்சல்வழிக் கல்வியின் வழியைக் காட்டுங்கள். பெண்பிள்ளையின் வேலைக்கும் படிப்புக்கும் இடையே திருமணம் வந்து நுழையும்போது, சங்கத்தின் மூத்த தாய்மார்கள் அவ்வீட்டுக்குச் செல்வதே சிறந்தது.

ஏழாவது, சேர்த்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆங்கில விரிவுரையைக் கேட்டு முதற் பருவத்திலேயே மிரள்கிறது. ஒரு பாடத்தில் தோற்றதும் ஊருக்குத் திரும்பிவிட நினைக்கிறது. உடையையும் பேச்சையும் ஊரையும் வைத்துச் சாதி கேட்கும் பழக்கம் கல்லூரிகளில் இன்னும் ஒழிந்துவிடவில்லை. முதலாண்டு முழுதும் மாதம் ஒருமுறையேனும் பிள்ளையோடு பேசுங்கள். அதே கல்லூரியில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரை அறிமுகப்படுத்தி வையுங்கள். அரியலூர் மாவட்டத்து அனிதா 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வினால் மருத்துவ இடம் கிட்டாமற் போனதும், 2017இல் நாம் அவரை இழந்ததும் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருக்கின்றன. அதற்குப் பின்னரே 7.5 விழுக்காட்டுச் சட்டம் வந்தது. சட்டம் வரும்வரை காத்திருக்கப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே, தேர்வு முடிவு வரும் நாளில் குறைந்த மதிப்பெண் பெற்ற வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். 'இதுவன்றி வேறு வழியும் உண்டு. நாங்கள் உடன் இருக்கிறோம்' என்ற சொல் அன்று மாலைக்குள் அப்பிள்ளையின் காதில் விழ வேண்டும்.

இளைஞர்களே! உங்களில் சிலர் இச்சங்கத்தின் உதவியால் கல்லூரி கண்டவர்கள். சங்கத்துக்கு என்ன கைம்மாறு செய்வது என்று கேட்கிறீர்கள். நன்கொடை தந்தால் சங்கம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதைவிடப் பெரியதொன்று உங்களிடம் உண்டு. எந்தப் படிவத்தில் எந்த இடத்தில் பிழை நேரும், எந்த அலுவலகத்தில் எவரை அணுக வேண்டும், விடுதியில் முதல் வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பெற்றோருக்கு இல்லாதிருந்த அந்த வழியறிவு இப்போது உங்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ, உங்கள் தெருவிலுள்ள ஒரு பிள்ளை. அதன் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும். அப்பிள்ளை முதலாண்டுத் தேர்வு எழுதி முடிக்கும் வரை விடாதீர்கள்.

பெரியோர்களே! பொறுப்புகளை இளைஞர் கையில் ஒப்படைக்கும் வேளை இதுவே. 25 ஆண்டு உழைத்தவர் விலகி நின்று, பக்கத்திலிருந்து வழிகாட்டுவது தோல்வியாகாது. கணக்குப் புத்தகத்தையும், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும், அலுவலகத் தொடர்புகளையும் இவ்வாண்டே அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் தடுமாறினால் பிடித்துக்கொள்ள நீங்கள் இருக்கும்போதே கொடுங்கள்.

சங்கத்தின் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பதைவிட, இவ்வட்டாரத்தில் தேறிய பிள்ளை ஒன்றுகூடக் காகிதக் குறையால் கல்லூரி இழக்கவில்லை என்று சொல்லும் நிலை வருவதே இச்சங்கத்துக்குப் பெருமை. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தெருவுக்கு ஒருவர், தேதி தவறாத ஒருவர், பிள்ளையை மதிக்கத் தெரிந்த ஒருவர் போதும். வரும் மே மாதம் தேர்வு முடிவு வெளியாகும்போது, ஆலைப் பேருந்து வரும் முன்னே அத்தகையோர் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.